கல்பனா அக்காவின் கழுத்துப் படம்

நம்புங்கள் என்று யாரையும் நான் கேட்கப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. போன ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை மழை இரவில், கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில், நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் நடந்தது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

என் பெயர் மாரியப்பன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். சென்டரில் பில் போடுவது, ரிப்போர்ட் தட்டச்சு செய்வது, ஸ்கேன் படங்களை டிவிடியில் ஏற்றிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. இந்த ஊரில் பெரிய வியாதி என்றால் வேலூருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். வங்காளிகளும் அப்படித்தான், நம்மவர்களும் அப்படித்தான். போகும்போது கையில் ஒரு டிவிடி இருக்கும். அங்குள்ள டாக்டருக்கு விவரமாக ஒரு கடிதமும் என்னிடமே எழுதி வாங்கிக்கொள்வார்கள். டிவிடி சரியாக ஏறாமல் போவது எனக்குப் புதிதல்ல. அதற்கு ஒரு காரணம் இருக்கும். தேடினால் கிடைக்கும். அன்றுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று வந்தவர்கள் நாகரத்தினம் அண்ணாச்சியும் அவர் மனைவி கல்பனா அக்காவும். அண்ணாச்சிக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். அக்காவுக்குக் கழுத்தில், மூச்சுக்குழாயை ஒட்டி ஒரு கட்டி. திங்கட்கிழமை வேலூரில் டாக்டர் பார்ப்பதாக ஏற்பாடு. அன்று இரவு பதினொன்றே முக்காலுக்கு சாந்த்ராகாச்சியில் ரயில்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த ஸ்கேனுக்கு நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அக்காவுக்குச் சிறுநீரகம் பலவீனம். இந்த ஒரு முறைதான், மறுபடி ஏற்றினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். வெறும் பிலிமைப் பார்த்துக் கத்தி வைக்க முடியாது, எல்லாப் படங்களும் வேண்டும் என்று வேலூரில் சொல்லியிருந்தார்கள். ஸ்கேன் கணினியில் இணையம் கிடையாது. பென் டிரைவ் செருகும் இடங்களையும் வைரஸுக்குப் பயந்து அடைத்து வைத்திருந்தார்கள். ஆகவே டிவிடி ஒன்றுதான் வழி.

ஸ்கேன் எடுத்தவன் ஜெய்ராம். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன். வங்காளி வழக்கப்படி அண்ணன் முறை வைத்து என்னை 'மாரிதா' என்று கூப்பிடுவான். எடுத்து முடித்ததும் திரையில் எனக்குக் காட்டினான். முந்நூற்றுச் சொச்சம் படங்கள். வாழைத்தண்டை நறுக்கி வைத்ததுபோல் கழுத்து வட்ட வட்டமாகத் தெரிந்தது. சுத்தமாக இருந்தது. நன்றாகப் பார்த்தேன். எட்டே காலுக்கு ஜெய்ராம் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். காவல்காரர் வெளிக்கேட்டில் இருந்தார். உள்ளே நாங்கள் மூன்று பேர் மட்டும்.

முதல் டிவிடியைப் போட்டேன். டிரைவ் உய்ய்ங்… என்று சுற்றத் தொடங்கியது. முப்பத்தொரு சதவீதத்தில் நின்றது. டக்… டக்… டக்… என்று உள்ளே ஏதோ மோதும் சத்தம். பிறகு, எழுத முடியவில்லை என்று திரையில் செய்தி.

டிவிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எழுதிய இடம் மட்டும் வளையமாகக் கறுத்திருக்கும். நடுவில் சின்ன வளையம் இருந்தது. பாதியில் நின்ற டிவிடி பொதுவாகத் திறக்கவே திறக்காது. சும்மா என் மேசைக் கணினியில் போட்டேன்.

திறந்தது.

நூறு படங்கள் போல் இருந்தன. எல்லாவற்றிலும் அக்காவின் கழுத்து. வலது மேல் மூலையில், தோலுக்கு வெகு தூரத்தில், வெள்ளையாக ஐந்து புள்ளிகள். சாய்ந்த வரிசையில். எழுதும்போது வந்த பிழை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றேன். அண்ணாச்சி கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"டிவிடி போடுதியா, சோறு பொங்குதியாடே?"

அக்கா சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு குறையும் சொன்னார். "உங்க நர்ஸ் கை என்ன ஐஸ்கட்டியா தம்பி? கண்ணை மூடிப் படுத்திருக்கேன், வந்து கழுத்தைப் பிடிச்சாங்க. இன்னும் ஜில்லுன்னு இருக்கு."

எங்கள் சென்டரில் இரவில் நர்ஸ் கிடையாது. ஜெய்ராமைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று உள்ளே போனேன்.

எழுதும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். வேறு கட்டிலிருந்து புது டிவிடி எடுத்தேன். டிரைவின் லென்ஸைப் பஞ்சால் துடைத்தேன். இரண்டாவது, ஐம்பத்திரண்டில் நின்றது. டக்… டக்… டக்…

இதுவும் திறந்தது. புள்ளிகள் இருந்தன. ஆனால் மூலையில் இல்லை. நகர்ந்திருந்தன. கழுத்துக்கும் மூலைக்கும் நடுவில். இப்போது இடது பக்கத்திலும் ஐந்து.

ஸ்கேன் கணினிக்குப் போய் மூலப் படத்தைத் திறந்தேன். ஒரு புள்ளி இல்லை. சுத்தம்.

என் மேசைத் திரையில் இருந்த புள்ளிகளை போனில் படம் பிடித்து ஜெய்ராமுக்கு அனுப்பினேன். அவன் ரயிலில் இருந்தான். உடனே கூப்பிட்டான்.

"கீ ஹோலோ மாரிதா, என்ன ஆச்சு? இது யாரோட ஸ்கேன்?"

கல்பனா அக்காவுடையதுதான் என்றேன்.

"அது புள்ளி இல்ல. எலும்பு. ஸ்கேன்ல குறுக்கே வெட்டிப் பார்த்தா விரல் இப்படித்தான் தெரியும்."

அக்காவின் கழுத்தைப் பிடித்தாயா என்று கேட்டேன். தொடவே இல்லை என்றான். தலைக்கு பெல்ட்தான் போட்டானாம். மருந்து ஏறும்போது அந்த அறைக்குள் யாரும் இருக்கவே முடியாது என்றான். லைன் கட்டாகிவிட்டது.

மணி ஒன்பது இருபது. பத்து மணிக்குள் கிளம்பினால்தான் ஆற்றுப் பாலம் தாண்டி சாந்த்ராகாச்சி போய்ச் சேர முடியும்.

டிரைவில்தான் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைக் கழற்றி மேசையில் வைத்தேன். பில் போட வைத்திருந்த இன்னொரு கணினியின் டிரைவைக் கழற்றி ஸ்கேன் கணினியில் மாட்டினேன். இருப்பதிலேயே குறைந்த வேகம் வைத்தேன். மூன்றாவது டிவிடி.

பத்து… இருபது… நாற்பது… நிற்காமல் போனது. ஐம்பத்திரண்டைத் தாண்டியது. அப்பாடா என்று இருந்தது.

டக்…

புது டிரைவிலிருந்து வரவில்லை.

டக்… டக்…

மேசையில் இருந்தது பழைய டிரைவ். அதற்கு வயர் இல்லை. மின்சாரம் இல்லை.

டக்… டக்… டக்…

வெளியே அக்கா இருமினார். ஒரு முறை. பிறகு தொடர்ந்து. ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை, அணைத்துவிடு என்று அண்ணாச்சி குரல் கொடுத்தார்.

எண்பதில் நின்றது. இருமலும் நின்றது.

அந்த டிவிடியைத் திறக்கக் கூடாது என்று நினைத்தேன். திறந்தேன். இந்த முறை தனித்தனிப் படமாகப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து உருவமாகக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். திரையில் மெல்ல மெல்ல அக்காவின் தாடை எலும்பு வந்தது. கழுத்தெலும்பு வந்தது.

பிறகு, இரண்டு கைகள்.

விரல்கள் விரிந்திருந்தன. தோலுக்கு ஒரு நூலிழை வெளியே. மணிக்கட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. நான் ஒவ்வொரு கோளாறாகச் சரி செய்யச் செய்ய… அது கிட்டே வருகிறது.

எழுந்தேன். இனி எழுதக் கூடாது.

பின்னால் ஸ்கேன் கணினியின் டிரைவ் திறக்கும் சத்தம். தட்டு வெளியே வந்திருந்தது. அதில் ஒரு புது டிவிடி. நான் வைக்கவில்லை. நான் பார்க்கும்போதே தட்டு உள்ளே போனது.

உய்ய்ங்…

எண் எண்பதிலிருந்தே ஏறியது. நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினேன். கேட்கவில்லை.

தொண்ணூறு.

வெளியே நாற்காலி விழுந்தது. "கல்பனா… ஏய் கல்பனா…"

தொண்ணூற்று நாலு.

மேசைக்கு அடியில் பாய்ந்தேன். வயரைப் பிடித்தேன். அதன்மேல் ஏதோ இருந்தது. சில்லென்று.

இழுத்தேன்.

எல்லாம் அணைந்தது.

வெளியே ஓடினேன். அக்கா தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர். தண்ணீர் கொடுத்தோம். எச்சில் புரையேறிவிட்டது என்றார். அண்ணாச்சி நேரே என் சட்டையைப் பிடித்தார். ஒரு டிவிடி போடத் தெரியாதவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார். மணி பத்து அடிக்க இரண்டு நிமிடம்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. முதல் டிவிடி. அதில்தான் விரல்கள் தூரத்தில் இருந்தன. மூன்றில் ஒரு பங்கு படம்தான் உண்டு. ஆனால் கட்டி இருக்கும் இடம் அதற்குள் வந்துவிட்டது, பார்த்திருந்தேன். அதை உறையில் போட்டேன். டிவிடி முழுமையானதல்ல, இதை வைத்தே முடிந்ததைப் பார்க்கவும் என்று டாக்டருக்கு நான்கு வரி எழுதி வைத்தேன். மற்றவற்றை உடைத்துக் குப்பையில் போட்டேன். அவர்கள் டாக்சியில் ஏறினார்கள். அக்கா மப்ளரைக் கழுத்தில் சுற்றியிருந்தார்.

திங்கட்கிழமை மதியம் வேலூரிலிருந்து அண்ணாச்சி பேசினார். கோபம் தீரவில்லை.

"பாதிதான் இருக்குன்னு எழுதியிருக்க. முழுசும் இருக்குங்காரு டாக்டரு. முந்நூத்திச் சொச்சம் படமும் இருக்கு."

அது ஒரு முறை மட்டுமே எழுதக்கூடிய டிவிடி. எழுதிய பிறகு தானாக அதில் எதுவும் ஏறாது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"ஆனா எதுவும் தெரியலையாம். கழுத்தைச் சுத்தி கை மறைக்குதாம். ஸ்கேன் எடுக்கும்போது யாரு பிடிச்சதுன்னு ஏசுதாரு. ஒரு ஆளு இல்ல, ரெண்டு ஆளுங்காரு. ரெண்டுமே இடது கையாம்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"வேற காப்பி போட்டு உடனே அனுப்பு தம்பி. ரயில்லேர்ந்தே அவளுக்குச் சோறு இறங்கலை."

டிரைவ் கெட்டுவிட்டது என்று பொய் சொன்னேன். பிலிமை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். போனை வைத்துவிட்டார். ஜெய்ராமிடம், அந்தப் படத்தை மட்டும் யார் கேட்டாலும் எழுதாதே என்று சொன்னேன். தலையாட்டினான். செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். போகவில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஜெய்ராம் போன் செய்தான். வேலூரிலிருந்து அண்ணாச்சி கூப்பிட்டு அழுதாராம். இவனுக்கு மனசு கேட்கவில்லையாம்.

"ஒரே தடவையில போயிடுச்சு மாரிதா. எங்கயும் நிக்கல. நீங்கதான் சும்மா பயந்தீங்க."

எப்போது முடிந்தது என்று கேட்டேன்.

"நாலு இருபது."

காய்ச்சலோடு ஓடினேன். கூரியர் இன்னும் வரவில்லை. உறை மேசையில் இருந்தது. அதைக் கையில் எடுக்கும்போது என் போன் அடித்தது. அண்ணாச்சி. இந்த முறை ஏசவில்லை.

"கட்டில்ல சும்மாதான் உக்காந்திருந்தா… கழுத்தைப் பிடிச்சிக்கிட்டு என்னைப் பாத்தா தம்பி. அவ்வளவுதான். நாலரை கூட ஆகலை."

ஜெய்ராமும் நானும் அந்த டிவிடியைத் திறந்தோம். ஒவ்வொரு படமாகத் தள்ளினோம். முதலிலிருந்து கடைசி வரை. பிறகு சேர்த்து உருவமாகவும் பார்த்தோம்.

கல்பனா அக்காவின் தாடை. கழுத்தெலும்பு. கட்டி.

கைகள் இல்லை.

சுத்தமாக இருந்தது.