என் பக்கத்தை நீக்கியவர்

திங்கட்கிழமை காலை கடையில் யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பாப்பாரப்பட்டி லூர்து மேரி அம்மா தவறிவிட்டார். அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இணையக் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாமல் எழுதியும் திருத்தியும் வந்தவர். அங்கே அவரோடு உழைத்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அவர் யார் என்பதை மட்டும் சொல்கிறேன். என்னைப் பற்றிய பக்கத்தை நீக்கச் சொன்னவர் அவர்தான்.

நான் பென்னாகரத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். ஐந்து நாவல்கள் எழுதியிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், எனக்கொரு பக்கம் இல்லையே என்ற ஆற்றாமையில், வேறு பெயரில் உள்ளே புகுந்து நானே எழுதிக்கொண்டேன். முதல் வரியே ‘புகழ்பெற்ற நாவலாசிரியர்’. வெட்கக்கேடுதான், என்ன செய்ய. என் மனைவி அதைச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். நான்காம் நாள் பக்கத்தின் தலையில் நீக்கல் அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. இவரோடு தொடர்பில்லாத இருவராவது இவர் நூல்களைப் பற்றி எழுதியிருக்க வேண்டும், ஏழு நாளுக்குள் சான்று தருக என்று எழுதி, கீழே லூர்து மேரியின் பெயர். பொன்னாடை போர்த்திய படத்தையும் ஒரு மதிப்புரையையும் காட்டினேன். மதிப்புரையை எழுதியது என் மச்சான். அதையும் அந்தம்மா எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறிவிப்பு வந்த ஆறாம் நாள் பேருந்து பிடித்துக் கடைக்கே வந்தார். துணிப்பையில் என் ஐந்து நாவல்களும் இருந்தன. மூன்று நூலகத்தில் எடுத்தவை, இரண்டு விலைக்கு வாங்கியவை. சண்டைக்குத் தயாராக இருந்த நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

“நீக்கச் சொல்றவங்கதாங்க மொதல்ல தேடணும். தேடாம எப்பிடிங்க இல்லன்னு சொல்றது?” என்றார்.

தருமபுரியில் பழைய மாத இதழ்க் கட்டுகளைப் புரட்டி, என் இரண்டாம் நாவலைப் பற்றி யாரோ எழுதிய அரைப்பக்கத்தைப் படமெடுத்து வந்திருந்தார். அப்படியொன்று வந்ததே எனக்குத் தெரியாது. மூன்றாம் நாவலில் விதைத்தது ராகி, அறுத்தது நெல் என்றும் சொன்னார். மேடையில் என்னைப் புகழ்ந்தவர்கள் ஒருவர்கூட அதைக் கவனித்ததில்லை. எனக்குத் தெரிந்து என் ஐந்து நாவல்களையும் படித்த ஒரே ஆள், என்னை நீக்க வந்தவர்தான்.

இன்னும் ஒரு சான்று இருந்தால் பக்கம் நிற்கும் என்றார். “வூட்டுல பழசு எதாச்சும் இருந்தாக் குடுங்க. திட்டியிருந்தாலும் பரவால்லீங்க. திட்டறதுக்கும் ஒருத்தரு உக்காந்து படிச்சிருக்கணுமில்லீங்களா?”

இருந்தது. என் முதல் நாவலுக்கு ஒரு வார இதழில் வந்த மதிப்புரை. இவர் இனி எழுதாமல் இருப்பதே நல்லது என்று அது முடியும். இருபது ஆண்டுகளாகப் பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. மனைவிக்குக்கூடக் காட்டியதில்லை. அது கலைக்களஞ்சியத்தில் ஏறினால் ஊரே படிக்கும். ஒன்றும் இல்லைங்க என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பினார். இரண்டு நாளில் பக்கம் போயிற்று. திருத்துபவர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் ‘சான்று கிடைத்தால் மீட்கலாம், தேடுகிறேன்’ என்று எழுதியிருந்தார். சும்மா பேச்சுக்கு எழுதுகிறார் என்று நினைத்தேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் என் பெயரைக் கேட்டதும் அவருடைய மகள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். “உங்களுக்காகத்தாங்க அம்மா அலஞ்சிட்டிருந்தாங்க” என்றாள்.

தாளின் தலையில் என் பெயர். கீழே தருமபுரி, பாலக்கோடு, அரூர், சேலம் என்று நூலகம் உள்ள ஊர்கள். போய்வந்த ஊரையெல்லாம் பேனாவால் கோடு போட்டு அடித்திருந்தார். மூன்று ஆண்டுகளாக அலைந்திருக்கிறார். சொந்தமா, பந்தமா, நான் யார் அவருக்கு? இப்படியும் ஒரு மனுஷி இருப்பாரா என்று அங்கேயே நின்றுவிட்டேன். கடைசியில் இருந்த பென்னாகரம் மட்டும் அடிக்காமல் கிடந்தது. பக்கத்து ஊர்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவைத்திருப்பார்.

அன்றே பீரோவைத் திறந்தேன். மதிப்புரையின் விவரத்தை என் சொந்தப் பெயரிலேயே உரையாடல் பக்கத்தில் போட்டுவிட்டேன், அந்தக் கடைசி வரியையும் சேர்த்து. எனக்கு ஒரு பக்கம் தகுமா தகாதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர் தேடிய அளவுக்குத் தேடிவிட்டுச் சொல்லுங்கள். அவருடைய தாளை நான் வைத்துக்கொள்கிறேன். பென்னாகரத்தை என் கையாலேயே அடித்துவிட்டேன்.