கட்டிலுக்குக் கீழே இருந்த துணி

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லயத்து வீடுகளுக்கு ஒரே கூரைதான். ஒரு வீட்டுத் தகரம் கிளம்பினால் பக்கத்து வீட்டுத் தகரமும் கூடவே போகும். அதனால் புயல் வருகிறது என்று கோயில் ஸ்பீக்கரில் சொன்னதும் எல்லா வீட்டு ஆம்பிளைகளும் கூரை மேல் ஏறிவிட்டார்கள். என் மகனும் ஏறினான். மண் நிரப்பின உரப்பைகளையும் பழைய டயர்களையும் கீழேயிருந்து தூக்கிக் கொடுத்தார்கள். மருமகள் விறகை உள்ளே எடுத்துப் போட்டாள். அடையாள அட்டைகளைப் பிளாஸ்டிக் சொப்பின் பையில் சுற்றினாள். ரொட்டி சுட மாவு குழைத்தாள். நான் சும்மா இருக்கக் கூடாதென்று தேங்காய் துருவினேன்.

"கயிறு பத்தல, பழைய துணி இருந்தா முறுக்கிக் குடு" என்று மகன் மேலேயிருந்து கத்தினான்.

மருமகள் நேராக வந்து என் கட்டிலுக்குக் கீழே கையை விட்டாள்.

அங்கே என் பழைய நூல் சேலைகளைக் கிழித்து மடித்து வைத்திருந்தேன். கொஞ்ச வருசமாக எனக்கு மூத்திரம் அடக்க முடியவில்லை. இருமினால் போய்விடும், எழும்பினால் போய்விடும். துணி வைத்துக்கொண்டுதான் நடமாட்டம். எல்லாரும் வேலைக்குப் போன பிறகு துவைத்து, மற்றத் துணிகளுக்கு அடியில் காயப்போட்டு, அவர்கள் வருமுன்னே எடுத்துவிடுவேன். ஆசுபத்திரியில்கூட முழங்கால் வலி என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

"மாமி, இதெல்லாம் வேணுமா?"

வேணும் என்றால் எதுக்கு என்று கேட்பாள். வேணாம் என்று தலையை ஆட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரியும் வந்து உட்கார்ந்து கூடவே முறுக்கினாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"பெரியம்மா எதுக்கு இம்புட்டுக் கந்தலச் சேத்து வச்சிருக்கு? பொறக்கப் போற பேத்திக்கா?"

"நம்ம வீட்ல ஒண்ணும் பொறக்கப் போறதில்லக்கா."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என் துணியெல்லாம் கூரைக்குப் போய் மழையில் நனைந்தது.

அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் மறுபடியும் சொன்னார்கள். எங்களைப்போல மலைக்கு அடியில் இருக்கிற லயத்துக்காரர்கள் இருட்டுமுன்னே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டுமாம். அங்கே ஒரே மண்டபம். எல்லாரும் நெருக்கி நெருக்கிப் பாய் போட்டுப் படுக்க வேண்டும். துணி இல்லாமல் அங்கே எப்படிப் படுப்பது என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நான் வரல. முழங்கால் வலிக்குது. நீங்க போங்க."

"நான் தூக்கிக்கிட்டுப் போறேம்மா" என்றான் மகன்.

"வேணாம். நான் வீட்டப் பாத்துக்கிறேன்."

"மல எறங்கி வந்தா அதையும் பாத்துக்குவியா?" அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "சரி, நீ வரலன்னா நாங்களும் போகல."

சனங்கள் மூட்டையோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் வடிகால் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. அவன் எழும்பவில்லை.

மருமகள் அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை. "அந்தத் துணி எனக்குத்தான். அடக்க முடியல" என்றேன்.

அவள் முன்னறைக்குப் போய் நல்ல பெட்சீட்டை உருவி, பல்லால் கடித்துக் கிழிக்க ஆரம்பித்தாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா? நல்ல சீட்ட ஏன் கிழிக்கிற?" என்றான் மகன்.

"எனக்கு வேணும். எதுக்குன்னு சொல்லணுமா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தான். எங்களைக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டுக்காரி மாதத் தீட்டு என்று நினைத்து வாசலில் நின்றே சிரித்தாள்.

"ஒனக்கும் புயலுக்கும் ஒரே நாள்தான் கெடச்சுச்சா?"

"நான் என்னக்கா செய்ய, ரெண்டும் கேட்டுக்கிட்டா வருது."

கிழித்த துணியோடு நானும் கிளம்பினேன். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரைக்கும் அந்தக் கேலிதான். மருமகள் கதவோரமாக எங்கள் பாயைப் போட்டாள். "எனக்குத்தான் அடிக்கடி வெளிய போகணும்" என்று எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள். நான் முக்காடு போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் படுத்திருந்தேன்.

மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தோம். கூரை இருந்தது. பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மண் வந்து அடுப்படியை மூடியிருந்தது. ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டு, பெற்ற பிள்ளையையும் வந்தவளையும் அங்கே உட்கார வைக்கப் பார்த்தேனே என்று உடம்பெல்லாம் கூசியது.

பக்கத்து வீட்டுக்காரி இன்னமும் மருமகளைக் கண்டால், "அடுத்த புயல் எப்ப?" என்று கேட்கிறாள். மருமகளும் சிரித்துவிட்டுப் போகிறாள். அன்றைக்கு அந்தத் துணி எனக்குத்தான் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.