விசில் கேட்ட பிறகும்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் தைரியம். எங்காவது மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்று ஆள் மாட்டிக்கொண்டால், "தைரியத்தை அனுப்புங்க" என்பார் சூப்பர்வைசர். அவர் போய்க் கதவிடுக்கில் வாயை வைத்து, "பதறாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொன்னால் உள்ளே அழுகை அடங்கிவிடும். வீட்டுக்கு வந்து அதைக் கதை கதையாகச் சொல்வார். "பெரிய பெரிய ஆளெல்லாம் குழந்த மாதிரி தேம்புறாங்க" என்று சிரிப்பார்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஒரு மலையேறும் குழுவில் சேர்ந்திருந்தாள். நீண்ட பயணத்துக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் ஒரு துணையோடு காட்டில் ஓர் இரவு தங்கிப் பழக வேண்டும் என்பது அங்கே விதி. கூடாரம் கூடாது. ஒரு தார்ப்பாய், கயிறு, தீப்பெட்டி, டார்ச், விசில், வெள்ளித்தாள் போல மின்னும் ஒரு போர்வை, தண்ணீர். அவ்வளவுதான். துணைக்கு வருவதாயிருந்த தோழி காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

"தள்ளிப் போட்டுடறேன்பா."

"எதுக்கு? நான் இருக்கேன்ல?"

"மெத்தை கொஞ்சம் மேடு பள்ளமா இருந்தாலே உங்களுக்குத் தூக்கம் வராது" என்றாள் மனைவி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரைக் காட்டுப்பாதையின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். வெளிச்சம் இருந்தவரை அவர் ராஜாதான். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டித் தார்ப்பாயைச் சரிவாக இழுத்தார். முடிச்சுகள் கச்சிதமாக விழுந்தன. மகள் சருகு கொட்டிப் படுக்கை செய்தாள். ஊதி ஊதிக் கண் சிவந்து ஒருவழியாக நெருப்பும் மூட்டினாள். "ஆபத்துன்னா மூணு தடவ ஊதணும். கேட்டவங்க உடனே வரணும்" என்று விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

இருட்டிய பிறகு தூறல் பிடித்து நெருப்பு அணைந்தது. மகள் சுருண்டு தூங்கிப்போனாள். அவருக்குத்தான் கண் மூடவில்லை. தலைமாட்டில் ஏதோ சருகை மிதித்தது. நின்றது. மறுபடி மிதித்தது. டார்ச்சைப் போடவும் பயம். போட்டால் அது என்னவென்று தெரிந்துவிடுமே. கார்ல ஸ்வெட்டர் இருக்கு, எடுத்துட்டு வந்துடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். முதலில் நடந்தார். பிறகு ஓடினார்.

காருக்குள் புகுந்து கதவைப் பூட்டியதும் அப்பாடா என்றிருந்தது. ஹீட்டரைப் போட்டார். நனைந்த சட்டையைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டார். திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தார். கொஞ்சம் சூடு பிடிக்கட்டும் என்றும் நினைத்தார்.

அப்போது விசில் கேட்டது. மூன்று தடவை.

கை கதவுப்பிடிக்குப் போனது. திறக்கவில்லை. மறுபடி மூன்று தடவை. அது வந்துவிட்டது, நல்லவேளை நான் அங்கே இல்லை என்று அவர் மனம் சொன்னது. பெற்ற மகள் ஊதுகிறாள் என்று தெரிந்தும் சொன்னது.

விசில் நின்றுபோனது. அந்த நிசப்தம்தான் அவரைப் பிடித்து வெளியே தள்ளியது. பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே விழுந்தடித்து ஓடினார்.

மகள் தார்ப்பாய்க்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேடி அலைந்திருக்கிறாள்; தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எங்கப்பா போயிட்டீங்க?"

"ஒண்ணுக்குப் போனேன்மா. இருட்டுல வழி தப்பிருச்சு."

அவள் நகர்ந்து இடம் கொடுத்து, போர்வையில் பாதியை அவர்மேல் போட்டாள். அவள் தோள் அவர் தோளில் பட்டது. அப்போதுதான் உறைத்தது: ஸ்வெட்டரில் இன்னும் ஹீட்டரின் சூடு இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மனைவி தன் தம்பியிடம் போனில் அளந்துகொண்டிருந்தாள். "உங்க மாமா மட்டும் கூட இல்லேன்னா இவ பயந்தே செத்திருப்பா." மகள் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

சாயங்காலம் மகள் மொட்டை மாடியில் தார்ப்பாயின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து நான் கார்ல இருந்தேன்மா."

"தெரியும்பா. நீங்க ஓடி வர்றதுக்கு முன்னாடி கார் கதவு சாத்தின சத்தம் கேட்டுச்சு."

"நீ ஊதினதும் கேட்டுச்சு." தார்ப்பாயின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தார். "ரெண்டு தடவயும்."

அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த பிரஷ் நின்றது.

"மிருகம் எதுவும் வரலப்பா" என்றாள். "தனியா இருக்கப் பயமா இருந்துச்சு. அதான் ஊதினேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஈரத் தார்ப்பாயைக் கொடியில் போட்டார்கள். ஒரு பக்கம் இறங்கியதை அவர் இழுத்துச் சரிசெய்தார்.

"அடுத்த தடவ நானும் வரட்டுமா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என் ஃப்ரெண்டுக்குக் காய்ச்சல் விட்டுருச்சுப்பா. அவளையே கூட்டிட்டுப் போறேன்."

அவர் தலையாட்டினார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவர் மேலேயே நின்றார்.