தூக்குக் காவடிக்கு நான் கொடுத்த ஷேக்கிள்

மூன்று வருடங்களுக்கு முன், தெமோதரைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நடந்தது இது. வளைகுடா நாடொன்றில், பாய்மரப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு அப்போதுதான் ஊர் வந்திருந்தேன். மலையில் பிறந்தவனுக்குக் கடலில் என்ன வேலை என்று லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள். எனக்கோ கால் தரையில் பாவாத பெருமை.

அந்த வருடம் என் மச்சான், அக்காவின் கணவர், தூக்குக் காவடிக்கு நேர்ந்திருந்தார். மகள் பதுளை ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்ததற்கான நேர்த்திக்கடன். முதுகிலும் காலிலும் கொக்கி குத்தி, டிராக்டரில் நிறுத்திய கம்பத்திலிருந்து ஒரு சட்டத்தில் தொங்கியபடி தோட்டப் பாதை முழுக்க வருவார். கம்பத்தோடு அந்தச் சட்டத்தைப் பூட்டிப் பிடிப்பவை நான்கு ஷேக்கிள்கள். வளைந்த இரும்பு, குறுக்கே ஒரு திருகாணி, அவ்வளவுதான்.

கோயிலில் இருந்தவை கறுத்துப்போயிருந்தன. என் பெட்டியில் பளபளவென்று நான்கு இருந்தன, எடுத்துக் கொடுத்தேன். டிராக்டர் ஓட்டும் அண்ணன் அவற்றை உருட்டிப் பார்த்து, "வெளிநாட்டுச் சாமான்னா சும்மாவா!" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

திருவிழாக் காலையில் மச்சான் ஓடையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றார். டிரைவர் அண்ணன் சட்டத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கத்தில் வந்து சாதாரணமாகத்தான் கேட்டாள்: "ஏன்டா தம்பி, இவ்வளவு நல்ல சாமானை அங்க எதுக்குக் கழட்டிப் போட்டாங்க?"

பதில் எனக்குத் தெரியும். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைப் பூட்டுகிற ஷேக்கிள்கள் அவை. செய்த கம்பெனியே கடிதம் போட்டிருந்தது: ஆணி உடையக்கூடும், பாய்மரம் சாய்ந்து உயிர் போகலாம், எல்லாவற்றையும் கழற்றித் திருப்பி அனுப்புங்கள். படகு படகாக ஏறிக் கழற்றியவர்களில் நானும் ஒருவன். பணக்காரர்களின் வீண் பயம் என்று நினைத்து, திருப்பி அனுப்ப வைத்திருந்த பீப்பாயிலிருந்து நான்கை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

மேளம் தொடங்கிவிட்டது. இப்போது சொன்னால் தோட்டமே காறித் துப்பும். மச்சானைப் பார்த்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பூட்டாதீங்க அண்ணே!" என்று கத்திவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கத்தில் உடம்பே கூசியது.

டிரைவர் அண்ணன் நான்கையும் கழற்றி, கல்லில் வைத்து ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்தார். மூன்று தாங்கின. நான்காவதன் ஆணி கற்கண்டு மாதிரி இரண்டாகத் தெறித்தது. அக்கா அந்தத் துண்டுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பழைய ஷேக்கிள்களையே துடைத்து எண்ணெய் போட்டுப் பூட்டினார்கள். காவடி தாமதமாகத்தான் புறப்பட்டது. மேலே தூக்குவதற்கு முன் மச்சான் என்னைக் கூப்பிட்டார். அறைவார் என்றே நினைத்தேன்.

"சொல்லிட்டீல்ல, விடு. பக்கத்துலேயே நடந்து வா," என்றார்.

வழி முழுக்க டிராக்டரை ஒட்டியே நடந்தேன். அண்ணாந்து அவரைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

அந்தப் படகுகளில் ஏறப்போகிறவர்கள் யாரென்றே கம்பெனிக்குத் தெரியாது. முகம் தெரியாத அவர்களுக்கு ஆகாது என்று அது திரும்பக் கேட்ட சாமானை, என் சொந்த மச்சானுக்கு இது போதும் என்று கொடுத்தவன் நான் என்பதை நினைத்தால் இன்றும் என் தலை தானாகக் குனிகிறது.