சிவப்புக் கயிறு கட்டிய பென்டிரைவ்

சிங்கப்பூரில் நம் மார்சிலிங் வீட்டில் சாவி மாட்டும் ஆணியில், சிவப்புக் கயிறு கட்டிய பென்டிரைவ் ஒன்றும் தொங்குகிறது. "அதுல என்னப்பா இருக்கு?" என்று, பிள்ளைகளே, நீங்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கும். பயத்தில் அல்ல, சந்தோஷத்தில்.

கப்பல் பட்டறை ஸ்டோரில் இருந்த நான், லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன கணினி அலுவலகத்துக்கு மாறிய புதிது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார் முதலாளி. அங்கே இருந்த புரோகிராமர் என்னைவிட இளையவர்தான். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. ஒரு மளிகைக்கடையின் இணையப் பக்கத்துக்குத் தேடல் சர்வர் அமைத்துக்கொண்டிருந்தோம். 'புளி' என்று தேடினால், 'புளியைக் கரைத்து' என்றிருக்கும் சமையல் குறிப்பை அது காட்டாது. அதற்காகத் தமிழ்ச் சொற்களைப் பிரித்துப் பார்க்கும் அனலைசர் ஒன்றை அக்கா, நான் சேரும் முன்பே தொடங்கி, நான்கு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தார். மொத்தம் இரண்டு கோப்புகள்: ஒன்று முதன்மை, மற்றது அதற்குத் துணை. அவற்றைச் சர்வரில் ஒரு தனிக் கோப்புறையில் வைத்தது நான்.

ஒரு நாள் பகல் பன்னிரண்டுக்கு அதைப் பார்க்கக் கடைக்காரர் வருகிறார். காலை பத்து மணிக்குச் சர்வர் சொல்கிறது, துணைக் கோப்பைக் காணோமாம்!

"கண்ணு முன்னாடி இருக்கு லா! இல்லங்குதே!" என்று அக்கா திரையைத் தட்டினார். கோப்பை அழித்து மறுபடி வைத்தார், சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினார். அதே பதில். முதலாளி எட்டிப் பார்த்தார். "ஆகலைன்னா விடும்மா, ரெடிமேடா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கலாம்." அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. பட்டறையில் எந்தப் பாகத்துக்கும் ஸ்பேர் ஒன்று வைப்போம். அதே பழக்கத்தில் முதன்மைக் கோப்புக்கு மட்டும் ஒரு நகலைச் சர்வரின் பொதுக் கோப்புறையிலும் போட்டிருந்தேன். சர்வர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். அங்கே கிடைத்த நகலை எடுத்துக்கொண்டது. அந்த நகலுக்கோ தனிக் கோப்புறையில் இருக்கும் துணை கண்ணுக்குத் தெரியவில்லை. சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அக்காவின் நான்கு மாதம் போய்விடும்.

"அக்கா, தப்பு என்னுதுக்கா. பொதுக் கோப்புறையில ஸ்பேர் ஒண்ணு வச்சேன்."

அக்கா சட்டென்று நகலை அழித்து, சர்வரை மறுபடி கிளப்பினார். சர்வர் எழுந்தது. 'புளி' என்று தட்டினார். ரசம், வத்தக்குழம்பு, புளியோதரை என்று மளமளவென வந்து விழுந்தன! நான் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன்.

"என்ன அண்ணே, கப்பலுக்கு ஸ்பேர் டயர் மாட்டுற மாதிரி சர்வருக்கு ஸ்பேரா?" அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாசலில் நின்ற முதலாளியும் சிரித்துவிட்டார். "உண்மையைச் சொன்னீங்களே, அது போதும்" என்றார்.

மறுநாள் என் மேசையில் இந்தப் பென்டிரைவ். "ஸ்பேர் எல்லாம் இதுல வைங்க. சர்வர் பக்கம் கொண்டு வராதீங்க" என்றார் அக்கா.

அக்கா இப்போது வேறு அலுவலகத்தில். நான் அதே மேசையில். ஆணியில் தொங்கும் அதற்குள் இருப்பது அன்று அழித்த அதே கோப்பின், மறுபடி எடுத்த ஒரே ஒரு நகல்தான், பிள்ளைகளே. அன்று நான் வாய் திறந்திராவிட்டால், இன்று அதைக் காட்ட எனக்கு முகம் இருந்திருக்காது.