வாசலில் டிரம் இல்லாத வீடு

சங்கமித்ராவுக்கு இரண்டு வேலை. காலையில் பழைய சுரங்க லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கும் அங்கன்வாடியில் டீச்சர். மதியத்துக்கு மேல் எண்ணூற்றுச் சொச்சம் வாக்காளர்களுக்கு பூத் அதிகாரி. யார் செத்தார், யார் ஊரைவிட்டுப் போனார் என்று வீடுவீடாகப் பார்த்து எழுதவேண்டும். இதற்குக் கௌரவப் பணி என்று பெயர். கௌரவத்தை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பேனா தீர்ந்தால்கூட அவளேதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் பகலில் ஆளைத் தேடுவதைப்போல வெட்டி வேலை வேறில்லை. சுரங்கம் மூடிய பிறகு பாதி ஊர் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது, இருட்டிய பிறகு திரும்புகிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் குடியிருக்கிறார்களா, காலி செய்துவிட்டார்களா? அதற்கு சங்கமித்ரா ஒரு வழி வைத்திருந்தாள். ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும், அதுவும் பட்டப்பகலில். வேலைக்குப் போகிறவர்கள் நீல டிரம்மை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், பக்கத்து வீட்டார் நிரப்பி வைப்பார்கள். ஊரைவிட்டே போகிறவர்கள் எதை விட்டாலும் டிரம்மை விடமாட்டார்கள். ஆகவே பூட்டும் டிரம்மும் இருந்தால் குடியிருப்பு. பூட்டு மட்டும் இருந்தால் ‘இடம் பெயர்ந்தவர்’, பட்டியலிலிருந்து பேர் போய்விடும். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கணக்கு ஒருமுறையும் தப்பவில்லை. அதனாலேயே அவள் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டாள்.

சட்டசபைத் தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஓட்டு ஸ்லிப் கொடுக்கக் கிளம்பியவளை தாமோதரன் சந்து முனையில் பிடித்துக்கொண்டார்.

“இன்னா டீச்சர், எல்லாருக்கும் குடுக்கிற, எங்க ஸ்லிப்பு எங்க?”

பட்டியலைப் புரட்டினாள். அவர் பேர் இல்லை. மனைவி ரத்தினம்மா பேரும் இல்லை. ஜனவரியில் அந்த வீட்டுக் கதவில் பூட்டைப் பார்த்ததும், வாசல் வெறுமையாக இருந்ததும் அப்போதே அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

“அடுத்த கட்டுல வரும் பெரிப்பா” என்றாள். பச்சைப் பொய்.

வேறு யாராக இருந்தாலும் இவ்வளவு பயம் வந்திருக்காது. தாமோதரன் இருபத்தொன்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். எழுபத்து மூன்று வயதில் நெஞ்சு நிறைய கல்தூசி. முதல் ஓட்டு 1972 தேர்தலில். நைட் ஷிஃப்ட் முடித்து, குளிக்காமல், சேறு காய்ந்த சட்டையோடு வரிசையில் நின்றாராம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கொடி. யூனியன்காரர்கள் கை காட்டினால் லைனே ஒரே சின்னத்தில் குத்தும். தமிழ் பேசுகிறவர்தான் இங்கே ஜெயிப்பார் என்று மற்றக் கட்சிகள் ஒதுங்கி நின்ற காலமும் உண்டு. பிறகு சுரங்கம் மூடியது, யூனியன் கரைந்தது, கொடிகள் மாறின. மாறாதது ஒன்றுதான்: பதினோரு சட்டசபைத் தேர்தலிலும் அந்த பூத்தில் முதல் ஆள் தாமோதரன். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் முதல் கேஜில் இறங்கிய பழக்கம் என்பார். இது பன்னிரண்டாவது.

ராபர்ட்சன்பேட்டை தேர்தல் அலுவலகத்தில் விசாரித்தாள். வேட்புமனு நாள் முடிந்துவிட்டது, இனி ஒரு பேரையும் சேர்க்க முடியாது என்றார்கள். புகார் வந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்தச் சந்துப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள். தாமோதரன் விடவில்லை. நான்கு தடவை ஆள் அனுப்பினார். நான்கு தடவையும் “வரும், வரும்” என்றாள். இப்படிப் பொய் சொல்கிறவள்தான் காலையில் குழந்தைகளுக்கு உண்மையே பேசு என்று பாட்டுச் சொல்லித்தருகிறாள். அவளுக்கே அவமானமாக இருந்தது.

தேர்தலுக்கு முந்தின நாள் மதியம், இனி மறைக்க முடியாது என்று போனாள். கதவில் பூட்டு. ஆள் இல்லை என்று ஒரு கணம் நிம்மதியாகவே இருந்தது. திரும்பினாள். நான்கு எட்டு வைத்தவள், ஏதோ உறுத்தித் திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

“யாரு?” உள்ளேயிருந்து குரல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் சங்கமித்ரா. பூட்டியிருக்குதே பெரிப்பா?”

“ரத்தினம்மா பேட்டைல வூட்டு வேலைக்குப் போயிருக்குது. மாத்திரை போட்டா நான் தூங்கிடுவேன். நாயி பூந்துடுதுன்னு வெளிய பூட்டிக்கினு போவும். தெனமும் இப்டித்தான். ஜன்னலாண்ட வா.”

தினமும். அப்படியானால் ஜனவரியிலும் இந்த மனுஷர் பத்தடி தள்ளி உள்ளே படுத்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். “வாசல்ல டிரம்மு இல்ல. காலி பண்ணிட்டீங்கன்னு எழுதிட்டேன். ரெண்டு பேர் பேரும் போயிடுச்சி.”

“டிரம்மா? டிசம்பர்ல உங்க அங்கன்வாடி தொட்டி வெடிச்சிப்போச்சின்னு ஆயா ஃப்ளோரா வந்து கேட்டுச்சி. பசங்க தண்ணிக்கு இன்னா பண்ணும்னு ரத்தினம்மாதான் தூக்கிக் குடுத்துச்சி. அங்கதான கீது?”

அங்கேதான் இருந்தது. லைனில் யாரோ கொடுத்தார்கள் என்று ஃப்ளோரா சொன்னாள், யார் என்று இவள் கேட்கவில்லை. இன்று காலைகூட அதில் மொண்டுதான் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டாள்.

“கதவுல நோட்டீசு ஒட்டினேனே பெரிப்பா? ஆட்சேபனை இருந்தா சொல்லுங்கன்னு?”

“கன்னடத்துல இருந்துச்சே, அதுவா? வூட்டக் காலி பண்ணச் சொல்லி ஒட்டிட்டாங்கன்னு பயந்து ரத்தினம்மா அத அரிசி டப்பால ஒளிச்சி வெச்சிருக்குது. நேத்துதான் எங்கிட்ட காட்டுச்சி. ராத்திரி பூரா ரெண்டு பேரும் தூங்கல.” சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் ஆனது. “அப்ப வூடு போவல. ஓட்டுதான் போச்சி.”

சொல்லி முடித்ததும் முகம் சுருங்கியது.

“மைன்ல டோக்கன் போர்டு இருந்துச்சி, டீச்சர். எறங்கும்போது ஆளுக்கொரு டோக்கன் எடுத்துக்கினு போவோம். ஏறினா திருப்பி மாட்டணும். ஒரு ஆணி காலியா இருந்தா, கீழ ஆளு கீறான்னு அர்த்தம். தேடிக் கண்டுபுடிக்கிற வரைக்கும் மேஸ்திரி வூட்டுக்குப் போவமாட்டான். நீ அன்னிக்கி தட்டினியா?”

“இல்ல பெரிப்பா.”

“தட்டியிருந்தா எழுந்திருப்பேன்.”

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

“நாளைக்கு நான் வருவேன். பேர் இல்லன்னு அவங்க சொல்லட்டும். நான் ஊரவிட்டுப் போவலன்னு நீ எல்லார் முன்னாடியும் சொல்லு. சொல்வியா?”

கட்சி ஏஜெண்டுகள் இருப்பார்கள், அதிகாரிகள் இருப்பார்கள். சொன்னால் வேலைக்கே ஆபத்து. அவள் பதில் சொல்லாமலே வந்துவிட்டாள்.

மறுநாள் ஏழு மணி அடிக்கும் முன்பே தாமோதரன் வந்து வரிசையில் முதலில் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் ரத்தினம்மா. பூத் வாசலில் உதவி மேசையில் சங்கமித்ரா உட்கார்ந்திருந்தாள். பூத் திறந்ததும் உள்ளே போனவரின் வாக்காளர் அட்டையை வாங்கிப் பார்த்த அதிகாரி பட்டியலை இரண்டு முறை புரட்டினார்.

“உங்க பேர் இல்லையே. இடம் பெயர்ந்தவங்கன்னு எடுத்திருக்காங்க.”

தாமோதரன் திரும்பி வாசலைப் பார்த்தார். சங்கமித்ரா எழுந்து உள்ளே வந்தாள்.

“அவரு எங்கயும் போவல சார். வூட்டுக்குள்ளதான் இருந்தாரு. நான்தான் கதவத் தட்டல.”

ஏஜெண்டுகள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் அவள் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். தாமோதரன் மெல்லத் தலையசைத்தார். உள்ளே வந்ததிலிருந்தே பழக்க தோஷத்தில் இடது ஆள்காட்டி விரலை மை வைக்கும் பெண்ணுக்கு நேராக நீட்டியபடி நின்றிருந்தார். அது இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. விரலை மடக்கிக்கொண்டு, ரத்தினம்மாவின் தோளைப் பிடித்தபடி வெளியே நடந்தார்.