கோபுரம் சாயும் தூரம்

அடுப்புக்கு முன்னால் டேல் சரிந்து விழுந்ததும் வெர்னா ஹாஸ்டெட்டர் ஓடிப்போய் எடுத்தது சுவரில் மாட்டியிருந்த போனைத்தான். உயிரில்லை. மழை தூறினாலே செத்துப்போகிற லைன் அது. கம்பியை மாற்ற முடியாதென்று கம்பெனி எப்போதோ கைவிரித்துவிட்டது. செல்போனோ பென்னர் பள்ளத்தாக்கில் மணி பார்க்க மட்டும்தான். சிக்னல் வேண்டுமென்றால் மலை முகட்டிலுள்ள சர்ச் வாசலுக்கு வண்டியில் போக வேண்டும். கணவரின் நெஞ்சில் கைவைத்தபடி பக்கத்தில் இருப்பதா, அவரைத் தனியே போட்டுவிட்டு ஓடுவதா? தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்திவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது கதவைத் திறக்கக் கை வரவில்லை.

டேல் பிழைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த முறை இவ்வளவு நேரம் தாங்காது என்று மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

பென்சில்வேனியாவின் அந்த மலையோர ஊராட்சியில் பாதிப் பேர் அவளுடைய மஞ்சள் பள்ளிப் பேருந்தில் வளர்ந்தவர்கள். பனியில் வண்டி வழுக்கினாலும் ஒரு கண் சாலையில், ஒரு கண் கண்ணாடியில் வைத்து, கடைசி இருக்கை வாலுகளை முறைத்தே உட்கார வைப்பாள். டேலுக்காக அந்த வேலையை விட்டாள். விட்டும் என்ன? பக்கத்திலேயே இருந்தாலும், அவர் விழுந்தால் அவரை விட்டுத்தானே ஓட வேண்டும். ஊருக்குள் வாடகைக்குப் போகலாம் என்று மகள் கெஞ்சினாள். தன் கையால் கட்டிய வீட்டையும் இந்த ஓடையையும் விட்டு வர முடியாது என்று டேல் ஒரே பிடியாக இருந்தார்.

இப்படியிருக்கையில்தான் பக்கத்து நிலத்து மெர்ல் கெப்னரின் மேட்டில் செல்போன் டவர் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. எவ்வளவு உயரம் வரும் என்பதை ஊரே கண்ணால் பார்க்கட்டும் என்று, கயிற்றில் கட்டிய பெரிய சிவப்புப் பலூனை அதே உயரத்துக்கு ஏற்றிக் காட்டுவது அங்கே வழக்கம். மடக்கு நாற்காலியும் காபிக் குடுவையுமாக எல்லாரும் வந்துவிட்டார்கள். இனிமேல் தன் மாடுகள்கூட ஒன்றுக்கொன்று போன் போட்டுத்தான் கதை பேசும் என்றார் மெர்ல். வெர்னா கழுத்து வலிக்க அந்தப் பலூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் டவர் கம்பெனி ஆள் அளவு நாடாவை இழுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தான். துணிக்கொடியைத் தாண்டினான், அவள் வீட்டுப் படியைத் தாண்டினான், வீட்டின் பின்சுவரையும் தாண்டிப் போய்த்தான் நின்றான். டவர் சாய்ந்தால் எட்டுகிற தூரத்துக்குள் ஆள் குடியிருக்கிற வீடு இருக்கக் கூடாது என்பது ஊராட்சி விதி. முன்பு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு டவர் வர இருந்தபோது ஊரே கூடிக் கேட்டு வாங்கிய விதி. அன்று கை தூக்கியவர்களில் வெர்னாவும் ஒருத்தி.

கம்பெனி விதிவிலக்குக் கேட்டது, ஊராட்சியின் நில விதி வாரியம் விசாரணை வைத்தது. தீயணைப்பு நிலையத்தில், வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வாரியத் தலைவர் ராய் ஸ்வைகர்ட்டும் அவளுடைய பேருந்தில் போனவர்தான். கோட்டைப் போர்த்தியது முதல் கதவைத் திறக்கப் பயந்தது வரை வெர்னா ஒன்றுவிடாமல் சொன்னாள். வாரியத்தின் வக்கீல் லென்ட்ஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை நாங்க கணக்குல எடுக்க முடியாதும்மா. விதிவிலக்கு கொடுக்கணும்னா கஷ்டம் நிலத்துக்கு இருக்கணும். பாறை, சரிவு, சதுப்பு, இந்த மாதிரி. வீட்டுக்காரருக்கு உடம்பு முடியலைங்கறது நிலத்தோட கஷ்டம் இல்ல."

"விழுந்தா எங்க தலைலதானே விழும்? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றோம்."

"இன்னிக்கு நீங்க இருக்கீங்க. நாளைக்கு வேற யாரோ குடியிருப்பாங்க. அவங்களுக்கும் சேத்து நீங்க கையெழுத்துப் போட முடியாதே."

வெர்னா தலைவர் பக்கம் திரும்பினாள். "ராய், நீ பஸ்ல வாந்தியெடுத்தப்போ நான் விதியைப் பாத்துட்டா துடைச்சேன்?"

சிலர் சிரித்துவிட்டார்கள். ராய்க்குக் காதெல்லாம் சிவந்தது. தான் இன்றைக்குக் கை தூக்கினால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்காது என்று மேசையைப் பார்த்தே சொன்னார். கம்பெனி ஆள் காகிதங்களை அடுக்கத் தொடங்கினான். மேட்டிலிருந்து கீழே இறக்கினால் சிக்னல் பரவாது. முகட்டுக்கு அந்தப் பக்கத்து ஊராட்சி கூப்பிடுகிறது, அங்கே போய்விடுவோம் என்றான். அங்கே போனால் மலை மறைத்துவிடும் என்று வெர்னாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் உட்காரவில்லை. "ஆள் குடியிருக்கிற வீடுன்னா என்னம்மா?"

லென்ட்ஸ் அம்மாள் புத்தகத்தைப் புரட்டினார். சமைக்கவும் தூங்கவும் வசதியுள்ள கட்டடம் என்று வாசித்தார்.

"அடுப்பையும் கட்டிலையும் எடுத்துட்டா?"

"எடுத்துட்டா அது வெறும் கொட்டகைதான்." சொன்னபிறகுதான் அந்தக் கேள்வியின் பொருள் வக்கீலுக்கு உறைத்தது.

அன்று வீட்டில் நடந்த சண்டையில் டேல் தட்டை வீசினார். சாகிறதற்காவது ஒரு வீடு வேண்டாமா என்று கேட்டார். சாகக் கூடாதென்றுதான் வீட்டையே விடுகிறேன் என்று வெர்னா கத்தினாள். நிலத்தை விடவில்லை, ஓடையை விடவில்லை என்று மெர்ல் வந்து சமாதானம் பேசியபிறகுதான் டேல் வாயை மூடினார்.

மெர்லும் அவர் தம்பியும் அடுப்பைப் பிடுங்கினார்கள், சமையலறைத் தொட்டியைக் கழற்றினார்கள், கட்டிலைப் பிரித்து வெளியே வைத்தார்கள். தான் வைத்த குழாயைத் தன் கையாலேயே கழற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்த டேலுக்கு மூச்சு வாங்கியது, பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஊராட்சி அதிகாரி வந்து அறை அறையாகப் பார்த்துவிட்டு, குடியிருக்கத்தக்கதல்ல என்ற தாளைக் கதவில் ஒட்டினார். அந்தத் தூரத்துக்கு வெளியே, ஓடைக்கரைப் புல்வெளியில், மெர்ல் இரவல் தந்த இழுவை வண்டி வீட்டில் இருவரும் குடியேறினார்கள். காலை நீட்டினால் கதவில் இடிக்கும். அங்கே பழைய போன் லைன்கூடக் கிடையாது.

டவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்குள் நிலம் உறைந்துவிட்டது. பனி இளகி மண் தோண்ட வருகிறபோதுதான் அஸ்திவாரம் என்று கம்பெனி தகவல் சொல்லியது. குளிர்காலம் முழுக்க இன்னும் மீதி இருந்தது.

வெர்னா அழவில்லை. பழைய கதவுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் தகரம் அடித்து, இரண்டு பக்கமும் பேருந்து இருக்கைப் பட்டையைக் கட்டினாள். தினமும் காலையில் டேலை, அன்று விழுந்து கிடந்த மாதிரியே, தரையில் படுக்க வைப்பாள். அவரைப் பலகையில் உருட்டி, பட்டையை மாட்டி, பனியில் இழுத்துப் போய், முகட்டுக்கு ஓட்டிப் போகிற வண்டியின் பின்பக்கத்தில் சாய்த்து ஏற்றப் பார்ப்பாள். முதல் நாள் வாசலைத் தாண்டவே முடியவில்லை. இன்று வண்டி வரைக்கும் இழுத்து வந்துவிட்டாள். அவள் மூச்சு விசிலடித்தது.

பாவம் பார்த்து டேல் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"நீ சும்மா கிடய்யா," என்றாள் வெர்னா. "மறுபடி விழுற அன்னிக்கு நீ உதவ மாட்டே."

டேல் கையைத் தளரவிட்டார். அவள் பட்டையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள்.